ஆப்ஷன் விற்பனை: நான்கு வழிகள், ஒவ்வொன்றிலும் ஒரே இரவில் எவ்வளவு போகும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரம் செய்பவருக்கு அச்சாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இன்ன தேதிவரை மூட்டை இன்ன விலை என்று பேசி, கையில் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டால், அதற்குள் விலை எவ்வளவு ஏறினாலும் பேசிய விலைக்கே சரக்கைக் கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவர் வராமல் போனால் அச்சாரம் விற்றவருக்கு. ஆப்ஷன் விற்பதும் இதே ஏற்பாடுதான். பிரீமியம் என்பது அச்சாரம், பேசிய விலை ஸ்ட்ரைக், பேசிய தேதி எக்ஸ்பைரி. பேசிய விலைக்கு வாங்கும் உரிமை கால், பேசிய விலைக்கு விற்கும் உரிமை புட். கிடங்கில் மூட்டையை வைத்துக்கொண்டு அச்சாரம் வாங்குகிறவருக்கும், ஒரு மூட்டைகூட இல்லாமல் அச்சாரம் வாங்குகிறவருக்கும் கையில் வரும் தொகை ஒன்றே. விலை பறக்கும் நாளில்தான் இருவருக்கும் உள்ள தூரம் தெரியும்.

இரும்பாலையில் ஓய்வு பெற்று பி.எஃப். பணத்தை வங்கியில் போட்டிருப்பவர், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர், ஏற்காட்டில் காபியும் மிளகும் வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பணத்தைப் பார்ப்பவர் என்று பலரும் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கையில் ஐந்து முதல் பத்து லட்சம் இருக்கிறது. மாதாமாதம் பிரீமியம் வாங்கலாம் என்கிறார்கள். வெறுமனே விற்பதா, ஹெட்ஜ் (நஷ்டத்துக்கு எல்லை கட்டும் இன்னொரு ஆப்ஷன்) வாங்கிக்கொண்டு விற்பதா, கையில் இருக்கும் பங்கின் மேல் கால் விற்பதா, பணத்தை ஒதுக்கிவைத்துப் புட் விற்பதா?

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர், ஆப்ஷன்) சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அடுத்த நிதியாண்டிலும் 91% பேருக்கு நஷ்டம். இதில் ஆப்ஷன் வாங்கியவர்களும் உண்டு. "வாங்குபவர்தானே தோற்கிறார், அப்படியானால் நாம் விற்போம்" என்று சொல்பவர்கள் அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். லாபம் போய்ச் சேர்ந்தது சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் தரகு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கும். அதிலும் பெரும்பகுதி கணினி நிரல் வழியே நடந்த வியாபாரத்தில். விற்பனைப் பக்கத்தில் நீங்கள் போட்டி போடப்போவது அவர்களோடு.

## எதை வைத்து அளப்பது

பிரீமியம் எத்தனை சதவீதம் வருகிறது என்பதை அளவுகோலாக எடுத்தால், நான்கு வழிகளில் மிக ஆபத்தானதுதான் முதலிடம் பிடிக்கும். ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு இவற்றைப் பாருங்கள்.

ஒரே இரவில் போகும் தொகை. சந்தை மாலை 3.30க்கு மூடி மறுநாள் காலை 9.15க்குத் திறப்பதற்குள் என்ன நடந்தாலும் உங்களால் எதுவும் செய்ய முடியாது. அளப்பதற்கு இரண்டு நிஜ நாட்கள் போதும். 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள்: நிஃப்டி 5.93% சரிந்தது. அதற்கு முந்தின நாள்தான் கருத்துக்கணிப்பை நம்பி 3.25% ஏறியிருந்தது, இரண்டு பக்கமும் விற்றவருக்கு முதல் நாள் கால் பக்கம் அடி, மறுநாள் புட் பக்கம் அடி. இரண்டாவது, 2020 மார்ச் 23: 12.98% சரிவு. சந்தை 10% கீழே போய் 45 நிமிடம் நிறுத்தப்பட்டு, திறந்தபின் மேலும் விழுந்தது. சரிவு மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2009 மே 18 அன்று தேர்தல் முடிவையொட்டி நிஃப்டி ஒரே நாளில் 17% தாண்டி ஏறியது. எந்த வழியாக இருந்தாலும் 6% நகர்ந்தால் எவ்வளவு, 13% நகர்ந்தால் எவ்வளவு என்று ரூபாயில் எழுதிப் பாருங்கள்.

வெளியேறும் கதவு. ஸ்டாப் லாஸ் (குறித்த விலை வந்ததும் தானே வெளியேறும் ஆர்டர்) போட்டிருக்கிறேன் என்பது பலருடைய தைரியம். ஆப்ஷனில், கிடைக்கும் விலைக்கு முடித்துவிடும் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ 2021 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது ஸ்டாப் லாஸ் லிமிட் மட்டும். 70 ரூபாய்க்கு விற்ற புட்டுக்கு 140இல் தூண்டுவிலையும் 150இல் எல்லைவிலையும் வைத்திருக்கிறீர்கள் என்றால், காலையில் அது 300இல் திறக்கும்போது உங்கள் ஆர்டர் 150இல் நின்று வாங்கக் காத்திருக்கும். யாரும் அந்த விலைக்குத் தரமாட்டார்கள். எந்த நாளுக்காக ஸ்டாப் லாஸ் போட்டீர்களோ அந்த நாளில்தான் அது வேலை செய்யாது.

மார்ஜின், அதாவது விற்பவர் கட்டிவைக்கும் பிணைத்தொகை, நிலையாக நிற்காது. இன்று 2 லட்சம் கேட்கும் நிலை, சந்தையின் பயத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் எகிறும்போது விலை உங்களைத் தொடாமலேயே இன்னும் அதிகம் கேட்கும். பற்றாக்குறைக்கு நாளொன்றுக்கு 0.5% முதல் 1% வரை அபராதம், தொடர்ந்தால் 5% வரை. அதற்கு முன்பே ப்ரோக்கர் உங்கள் நிலையை, அந்த நேரத்தில் கிடைக்கும் விலையில், முடித்துவிடுவார். இரவு தாண்டி வைத்திருக்கும் நிலைக்கு மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்கு இணையாகவோ இருக்க வேண்டும். பங்கை மட்டும் பிளெட்ஜ் (அடமானம்) செய்து முழுவதையும் சமாளிக்க முடியாது.

எக்ஸ்பைரி அன்று என்ன ஆகும். நிஃப்டி ஆப்ஷன் பணத்தில் முடியும். தனிப் பங்கின் ஆப்ஷன், 2019 அக்டோபர் முதல், பங்காகவே கைமாற வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரியாமல் இறங்கி மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

திரை முன் உட்கார முடியுமா. தறிக்கூடத்திலோ காபி பறிக்கும் மாதத்தில் தோட்டத்திலோ இருப்பவர் 9.15 முதல் 3.30 வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பராமரிப்பு மின்தடை வந்தால் பகல் முழுவதும் இணையம் இருக்காது. ஏற்காட்டில் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் சிக்னலும் போகும். உங்கள் கண் படாத ஆறு மணி நேரத்தில் தானே தாங்கக்கூடிய நிலையா என்பது பெரிய கேள்வி.

கீழே வரும் கணக்குகளுக்கு நிஃப்டி 25,000, லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 65 என்று வைத்துக்கொள்கிறோம். (லாட் 2024 நவம்பர் வரை 25, பிறகு 75, 2026 ஜனவரி ஒப்பந்தங்களிலிருந்து 65.) அதாவது ஒரு லாட் விற்கும்போது நீங்கள் பொறுப்பேற்பது 16.25 லட்சம் மதிப்புக்கு. பிரீமியங்களும் மார்ஜினும் உதாரணத்துக்கு. சந்தை நிலவரப்படி மாறும்.

## முதல் வழி: ஹெட்ஜ் இல்லாமல் இரண்டு பக்கமும் விற்பது

மாத எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 24,200 புட்டை 70க்கும் 25,800 காலை 60க்கும் விற்கிறீர்கள். ஸ்ட்ராங்கிள் என்பார்கள். கையில் வருவது 130 × 65 = 8,450 ரூபாய். மார்ஜின் சுமார் 2 லட்சம். மாதம் 4 சதவீதத்துக்கு மேல்! எந்த வங்கி தரும்? நிஃப்டி 800 புள்ளிக்குள் நின்றால் போதும், பெரும்பாலான மாதம் நிற்கவும் செய்யும்.

ஆபத்தே அந்தப் "பெரும்பாலான மாதம்" தான். ஆறு மாதம் தொடர்ந்து பணம் வந்தால் ஏழாவது மாதம் ஒரு லாட் மூன்றாகும். ஜூன் 4 போல ஒரு நாள் வந்தால் நிஃப்டி 23,517க்கு வரும். அங்கேயே எக்ஸ்பைரி ஆனால் புட்டில் நஷ்டம் 39,800, காலில் வந்த 3,900ஐக் கழித்தால் ஏறக்குறைய 36,000. நாலு மாதத்துக்கு மேலான பிரீமியம். அன்றே பதறி வெளியேறினால் இன்னும் அதிகம், ஏனென்றால் மூன்று வாரம் மிச்சமிருக்கும் புட்டின் விலையில் பயத்தின் விலையும் சேர்ந்திருக்கும். மார்ச் 23 போல ஆனால் நஷ்டம் 1.5 லட்சம், கட்டிய மார்ஜினில் முக்கால்வாசி, பதினேழு மாதத்துக்கு மேலான பிரீமியம். அந்த இரண்டு நாட்களுக்கும் முன்பே சந்தையில் பயம் ஏறியிருந்ததால் நிஜத்தில் பிரீமியம் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூடுதல் பிரீமியத்தைப் பார்த்துதான் அந்த வாரங்களில் கூடுதல் லாட் விற்றார்கள்.

இதில் சரிசெய்கிறேன் என்று இறங்குவது தனி நஷ்டம். 2020 மார்ச் 13 அன்று நிஃப்டி காலையில் 10% விழுந்து நிறுத்தப்பட்டது. அதே நாள் 3.8% ஏறி முடிந்தது. காலையில் புட்டை உச்சவிலைக்கு வாங்கி முடித்து, இழந்ததைப் பிடிக்கக் கீழே கால் விற்றவர் மாலைக்குள் இரண்டாவது முறையும் அடி வாங்கியிருப்பார்.

எக்ஸ்பைரி நாள் நெருங்க நெருங்க ஆபத்து குறைகிறது என்ற எண்ணமும் தவறு. 5 ரூபாய்க்கு வந்துவிட்ட ஆப்ஷன் கடைசி மதியம் நிஃப்டி 150 புள்ளி நகர்ந்தால் 60, 80 என்று போகும். அதனால்தான் எக்ஸ்பைரி நாளில் விற்பனை நிலைக்கு 2% கூடுதல் மார்ஜினை செபி 2024 நவம்பர் முதல் கட்டாயமாக்கியது. மிச்சமிருக்கும் 3 ரூபாய்க்காகக் காத்திருப்பது 195 ரூபாய்க்காகக் காத்திருப்பது. வாங்கி முடித்துவிட வேண்டும்.

எப்போது இது சரி? மொத்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்து, நாள் முழுவதும் திரை முன் இருந்து, மாலை 3.30க்கு எதையும் தொங்கவிடாமல் முடிப்பவருக்கு ஓரளவு. குடும்பச் செலவுக்கு மாத வருமானம் தேடுபவருக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், எந்த லாட் அளவிலும்.

## இரண்டாம் வழி: ஹெட்ஜோடு விற்பது

அதே 24,200 புட்டை 70க்கு விற்று, 24,000 புட்டை 50க்கு வாங்குகிறீர்கள். மேலே 25,800 காலை 60க்கு விற்று 26,000 காலை 38க்கு வாங்குகிறீர்கள். நான்கு ஆப்ஷனும் சேர்ந்தது அயர்ன் காண்டார். நிகர வரவு 42 புள்ளி, 2,730 ரூபாய். அதிகபட்ச நஷ்டம் 200 − 42 = 158 புள்ளி, 10,270 ரூபாய். நிஃப்டி 6% விழுந்தாலும் 13% விழுந்தாலும் 17% ஏறினாலும் எக்ஸ்பைரியில் இதற்கு மேல் ஒரு ரூபாய் போகாது. மார்ஜினும் 50,000 அளவுக்கு இறங்கும். திரை முன் உட்கார முடியாதவருக்கு, நிஃப்டியில் விற்றே ஆக வேண்டுமென்றால், இது ஒன்றுதான் பொருந்தும்.

ஆனால் மார்ஜின் இறங்குவதுதான் இதன் பொறி. 10 லட்சத்தை முழுக்க மார்ஜினாகப் போட்டால் ஹெட்ஜ் இல்லாத ஸ்ட்ராங்கிள் 5 லாட் வரும்; காண்டார் 20 லாட் வரும். 6% சரிவில் முதலாமவருக்கு நஷ்டம் சுமார் 1.85 லட்சம். ஹெட்ஜ் வைத்திருந்த இரண்டாமவருக்கு 20 × 10,270 = 2.05 லட்சம். பாதுகாப்பாக விற்றவர் அதிகம் இழக்கிறார்! அதுவும் இதற்கு 6% தேவையில்லை. எக்ஸ்பைரி அன்று 24,000க்குக் கீழே முடிந்தால், அதாவது 4% நகர்ந்தாலே, முழு நஷ்டமும் விழும். எத்தனை லாட் என்பதை மார்ஜின் அல்ல, அதிகபட்ச நஷ்டம் தீர்மானிக்கட்டும்: ஒரு மாதத்தில் 30,000 போனால் தாங்கும் என்பவர் இரண்டு லாட் மட்டும் போடலாம், கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். உள்ளே நாலு ஆர்டர், வெளியே நாலு ஆர்டர். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் ப்ரோக்கரிடம் 160, ஜிஎஸ்டி சேர்த்து 189. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு ஆர்டருக்கு அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளி வரை போனால் 260 முதல் 520 ரூபாய். ஆக, 2,730 வரவில் 450 முதல் 710 வரை கழிவு. ஆறில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 2024 அக்டோபர் 1 அன்று விற்ற பிரீமியத்தில் 0.0625%இலிருந்து 0.1%ஆக ஏறியது, இந்த அளவில் அது சில ரூபாய்தான், ஆனால் வாராவாரம் விற்பவருக்கு வருடக் கடைசியில் கண்ணில் படும். இப்போதைய விகிதத்தை உங்கள் கான்ட்ராக்ட் நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் போடும் வரிசை முக்கியம். உள்ளே போகும்போது முதலில் வாங்கும் ஆப்ஷன், பிறகு விற்கும் ஆப்ஷன். மார்ஜின் சலுகை அப்போதுதான் கிடைக்கும். வெளியே வரும்போது தலைகீழ்: முதலில் விற்றதை வாங்கி முடித்து, பிறகு ஹெட்ஜை விற்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஹெட்ஜ் போன அந்த நொடியில் மார்ஜின் நாலு மடங்காகி, ஆர்டர் நிராகரிக்கப்படும் அல்லது நிலை அம்மணமாக நிற்கும். விற்றதும் ஹெட்ஜும் ஒரே எக்ஸ்பைரியில் இருப்பதும் அவசியம். அடுத்த மாத ஆப்ஷனை ஹெட்ஜாக வைத்திருந்தால் விற்ற ஆப்ஷனின் எக்ஸ்பைரி நாளில் மார்ஜின் சலுகை கிடைக்காது. 2025 பிப்ரவரி முதல் இது விதி.

இப்படி ஒன்றை விற்று ஒன்றை வாங்கும் ஸ்ப்ரெட்டைத் தனிப் பங்கில் போடாதீர்கள். எக்ஸ்பைரியில் விலை இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவே முடிந்தால், விற்ற புட் வழியே ஒரு லாட் பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டிவரும், வாங்கி வைத்த புட்டோ பூஜ்யமாகிவிடும். நிஃப்டியில் இந்தத் தொல்லை இல்லை.

## மூன்றாம் வழி: கையில் இருக்கும் பங்கின் மேல் கால் விற்பது

கிடங்கில் மூட்டை வைத்திருப்பவரின் அச்சாரம் இது. கவர்டு கால். 800 ரூபாய் விலையுள்ள பங்கு, லாட் 750 என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சம் மதிப்புக்குப் பங்கு ஏற்கெனவே டீமேட்டில் இருக்கிறது. 840 காலை 10 ரூபாய்க்கு விற்றால் 7,500 ரூபாய் வரும். 840க்குள் முடிந்தால் பிரீமியம் மிச்சம். மேலே போனால் 840க்குப் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். 900 ஆனாலும் உங்களுக்கு 37,500தான், சும்மா வைத்திருந்தால் 75,000.

இதில் கண்மண் தெரியாத நஷ்டம் மேல்பக்கம் கிடையாது. கீழ்ப்பக்கம் பங்கு விழுந்தால் பங்கின் நஷ்டம் முழுக்க உங்களுடையது. 7,500 மட்டும் ஆறுதல். 13% விழுந்தால் 70,500 நஷ்டம். இதைக் "காப்பு" என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். காப்பு பங்குக்குக் கிடையாது, விற்ற காலுக்குத்தான்.

நம் ஊர் முதலீட்டாளருக்கு நடைமுறையில் இடறும் இடங்கள் மூன்று.

பங்கு டீமேட்டில் இருப்பதாலேயே மார்ஜின் குறையாது. அதை பிளெட்ஜ் செய்தால்தான், ஹேர்கட் எனும் கழிவு போக மீதி மதிப்பு மார்ஜினாகக் கிடைக்கும். அதிலும் பாதி ரொக்கம் என்ற விதி நிற்கிறது; ரொக்கம் போதாவிட்டால் ப்ரோக்கர் நாள்வட்டி போடுவார். கால் விற்க 1.3 லட்சம் மார்ஜின் தேவையென்றால் 65,000 ரொக்கமாகவோ லிக்விட் ஃபண்டாகவோ தனியே இருக்க வேண்டும். வட்டி கொடுத்துப் பிரீமியம் வாங்குவதில் அர்த்தமில்லை.

எக்ஸ்பைரியில் 840க்கு மேல் நின்றால் 750 பங்கும் போயாக வேண்டும். பிளெட்ஜில் இருக்கும் பங்கை விடுவிக்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம். உங்கள் ப்ரோக்கர் பிளெட்ஜிலிருந்து நேரடியாக டெலிவரி எடுப்பாரா என்று விற்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். டெலிவரி தவறினால் ஏலத்தில் வாங்கிக் கொடுப்பார்கள், வித்தியாசமும் அபராதமும் உங்கள் தலையில். 700 பங்கு வைத்துக்கொண்டு 750க்குக் கால் விற்பவரும் மீதி ஐம்பதுக்கு இதே கதிதான்.

மூன்றாவது வரி. பத்து வருடம் முன்பு 200க்கு வாங்கிய பங்கு 840க்குப் போனால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5% நீண்டகால வரி உடனே வந்து நிற்கும். ஒரு வருடத்துக்குள் வாங்கியதென்றால் 20%. 7,500 பிரீமியத்துக்காக இத்தனை வரியை முன்னுக்கு இழுப்பது சரியா? பங்கைக் கொடுக்க மனமில்லாமல் காலைத் திருப்பி வாங்கினால் அந்த நஷ்டம் இன்றே ரொக்கமாகப் போகும். பங்கின் லாபமோ காகிதத்தில் நிற்கும்.

ஆகவே இது, "840 வந்தால் எப்படியும் விற்றுவிடுவேன்" என்று உண்மையிலேயே நினைத்திருக்கும் பங்குக்குப் பொருத்தம். பேரப்பிள்ளைக்கென்று வைத்திருக்கும் பங்கின் மேல் கால் விற்காதீர்கள். நிஃப்டி ஈடிஎஃப் (பங்குபோல் வாங்கி விற்கும் குறியீட்டு ஃபண்ட்) வைத்திருப்பவர் அதன் மேல் நிஃப்டி கால் விற்றால் டெலிவரித் தொல்லை இல்லை, ஆனால் ஒரு லாட்டை மூட 16.25 லட்சத்துக்கு ஈடிஎஃப் வேண்டும். ஐந்து லட்சத்துக்கு வைத்துக்கொண்டு ஒரு லாட் விற்றால் மூன்றில் இரண்டு பங்கு அம்மணம்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களும் இதையே கேட்பதுண்டு: கையில் வெள்ளி இருக்கிறதே, சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸில் கால் விற்கலாமா? அங்கே ஆப்ஷன் எக்ஸ்பைரியில் பங்காகவோ பணமாகவோ முடியாது, ஃப்யூச்சர் நிலையாக மாறும். அதற்கு அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு ரொக்கம் கட்ட வேண்டும். பெரிய ஒப்பந்தம் 30 கிலோ. பட்டறையில் இருக்கும் வெள்ளி எம்சிஎக்ஸ் கணக்கில் மார்ஜினாக ஏறாது. விலை ஏறினால் சரக்கின் லாபம் பட்டறையில், நஷ்டம் இரவு பதினொன்றரை வரை ஓடும் சந்தையில். நடுவே ரொக்கம் வற்றிவிடும்.

## நான்காம் வழி: பணத்தை ஒதுக்கிவைத்துப் புட் விற்பது

அதே பங்கின் 760 புட்டை 11க்கு விற்று 8,250 வாங்குகிறீர்கள். 760 × 750 = 5.7 லட்சத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு பிளெட்ஜ் செய்கிறீர்கள். அது ரொக்கத்துக்கு இணையாகக் கணக்கில் வரும், அதன் வருமானமும் ஓடிக்கொண்டிருக்கும். பங்கு 760க்கு மேல் நின்றால் பிரீமியம் மிச்சம். கீழே போனால் பங்கு உங்களுடையது, அடக்க விலை 749.

லாப நஷ்டத்தின் வடிவத்தில் இதுவும் கவர்டு காலும் ஒன்றே. ஒருவர் கையில் பங்கு, இன்னொருவர் கையில் பணம், அவ்வளவுதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ப்ரோக்கர் கேட்கும் மார்ஜின் 1.3 லட்சம் அளவே. மீதி நாலரை லட்சம் "சும்மா கிடக்கிறதே" என்று தோன்றும். நாலு லாட் விற்றுவிட்டால் நீங்கள் நான்காம் வழியிலிருந்து முதல் வழிக்குப் போய்விட்டீர்கள். 22.8 லட்சத்துக்குப் பங்கு வாங்கும் கடமையை 5.7 லட்சத்தோடு ஏற்றிருக்கிறீர்கள்.

எக்ஸ்பைரி வாரத்தில் பங்கு 760க்குக் கீழே நின்றால், லிக்விட் ஃபண்டை இரண்டு வேலைநாள் முன்னதாகவே விற்றுப் பணமாக்குங்கள். மறுநாள்தான் பணம் வரும், இடையில் விடுமுறை வந்தால் அதற்கும் மறுநாள். பங்கைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியம் கொழுத்ததைத் தேடாதீர்கள். ஒரு பங்கின் புட் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொடுக்கிறதென்றால் காலாண்டு முடிவோ வழக்கோ ஏதோ ஒன்று காத்திருக்கிறது. தொலைவான ஸ்ட்ரைக்கில் வாங்க விற்க ஆள் இருக்காது. திரையில் 11 என்று தெரிந்தாலும் கிடைப்பது 9 ஆக இருக்கும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரருக்கு அறுவடைப் பணம் வந்த கையோடு நல்ல பங்கு ஒன்றை, இன்னும் கொஞ்சம் இறங்கினால் வாங்கலாம் என்று காத்திருக்கும் மனநிலை இருந்தால், நான்கில் இதுதான் பொருத்தம். காத்திருப்பதற்குக் கூலி கிடைக்கிறது, தினமும் திரையைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

எக்ஸ்பைரிவரை அந்த விலையிலேயே நின்றதாகக் கொண்டு, கழிவுகளுக்கு முன்:

| | ஹெட்ஜ் இல்லாமல் | காண்டார் | கவர்டு கால் | பணத்தோடு புட் |
|---|---|---|---|---|
| வரும் பிரீமியம் | 8,450 | 2,730 | 7,500 | 8,250 |
| முடங்கும் பணம் | சுமார் 2 லட்சம் | சுமார் 50,000 | 6 லட்சம் பங்கு, பாதி மார்ஜினுக்கு ரொக்கம் | 5.7 லட்சம் |
| 6% சரிந்தால் | −37,050 | −10,270 | −28,500 | +2,250 |
| 13% சரிந்தால் | −1,50,800 | −10,270 | −70,500 | −39,750 |
| 13% ஏறினால் | −1,50,800 | −10,270 | +37,500, பங்கு போகும் | +8,250 |
| எக்ஸ்பைரியில் | பணம் | பணம் | பங்கு டெலிவரி | பங்கு டெலிவரி |
| பெரிய பொறி | ஒரே இரவு | லாட் பெருக்கம் | வரி, பிளெட்ஜ் | மீதிப் பணத்தில் இன்னொரு லாட் |

தனிப் பங்கு நிஃப்டியைவிட ஒரே நாளில் அதிகம் விழக்கூடியது. அட்டவணையின் கடைசி இரண்டு நெடுவரிசைகளைப் படிக்கும்போது 20%க்கும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

## வரிப் படிவம்

நான்கு வழிகளுக்கும் பொது. ஆப்ஷன் லாப நஷ்டம் தொழில் வருமானம். ஓய்வூதியத்துக்கு எளிய படிவம் போட்டுக்கொண்டிருந்தவர் ஐடிஆர்-3க்கு மாற வேண்டும், ஆடிட்டர் கட்டணமும் சேரும். நஷ்டத்தைச் சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ கழிக்க முடியாது. வட்டி, வாடகை போன்றவற்றில் அந்த ஆண்டு கழிக்கலாம், மிச்சத்தை எட்டு ஆண்டு தொழில் லாபத்தில் கழிக்கலாம், ஆனால் கடைசித் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் மட்டும்.

## யாருக்கு எது

ஓய்வூதியப் பணம் 10 லட்சம், வேறு வருமானம் குறைவு என்றால் நான்கும் வேண்டாம். வங்கி வைப்பிலும் அரசுக் கடன் பத்திரத்திலும் வரும் வட்டியோடு நிறுத்திக்கொள்வது சரியான முடிவு. அந்தப் பணத்துக்கு இரண்டாவது முறை சம்பாதிக்கும் வாய்ப்பு இல்லை.

பங்குகள் ஏற்கெனவே லாட் அளவில் இருந்து, அவற்றில் சிலதை விற்கும் எண்ணமும் இருந்தால் மூன்றாம் வழி. பங்கு வாங்கப் பணம் காத்திருந்தால் நான்காம் வழி. இரண்டும் இல்லாமல் நிஃப்டியில் விற்பனையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு இரண்டாம் வழி, ஒரு லாட், ஆறு மாதம், லாபம் வந்தாலும் லாட்டைக் கூட்டாமல். உங்கள் கணக்கை நான் இயக்கித் தருகிறேன், மாதம் 3% உறுதி என்று எவர் வந்தாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். உறுதியான வருமானம் என்று வாக்குக் கொடுக்க செபியில் பதிவு பெற்றவருக்கே அனுமதி கிடையாது.

எதைத் தேர்ந்தாலும் முதல் ஆர்டருக்கு முன் மூன்று காரியம். ப்ரோக்கரின் மார்ஜின் கால்குலேட்டரில் நிலையைப் போட்டு, வரும் எண்ணுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு ரொக்கத்தைக் கணக்கில் சும்மா விட்டுவையுங்கள். ப்ரோக்கரின் போன் வழி ஆர்டர் எண்ணைத் தாளில் எழுதி, வேறு நிறுவனத்தின் இரண்டாவது சிம்மோடு வையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர் அந்த சிம் வீட்டில் எடுக்கிறதா என்று மழை நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாவதாக, 6%க்கும் 13%க்கும் வரும் நஷ்டத்தை ரூபாயில் எழுதி வீட்டில் காட்டுங்கள். அந்தத் தொகையைப் பார்த்து வீட்டில் ஒருவர் முகம் மாறினால், ஒரு லாட்டைக் குறையுங்கள். ஏற்கெனவே ஒரு லாட் என்றால், அந்த ஆர்டரைப் போடாதீர்கள்.